ஆத்ம சாந்தி கேர்ள்ஸ் ஜெயந்திக்கு

என் அக்கா பெற்ற ராசாத்தி, இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே தொண்டையாக இருந்தவளே, என் தங்கம் ஜெயந்தி,

நகரியிலிருந்து உன் மாமா சவுண்டு முனுசாமி எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டதே தவிர நான் அதை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவரும் மலரில் அச்சடிக்கப் போகிறார்கள். ஆந்திரா முழுக்கப் படிப்பார்கள், தமிழ்நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். சரி, சரி. நீ இருந்தால் என்ன சொல்லுவாய் என்று தெரியும். "மாமா, பாதியாக்கு." ஆக்கிவிட்டேன்.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் நைனா தறி ஓட்டுகிறார். உன் அம்மா சோறு பொங்குகிறாள், பாதி துன்னாமல் அப்படியே இருக்கிறது. மல்லியைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை சுற்றும். நீ போன நாளிலிருந்து போன வாரம் வரைக்கும் உன் தங்கச்சி பாடவில்லை. பாடாதது மட்டுமா, பேசவே இல்லை. அவள் குரல் நம் வீட்டுக்கு முழுசாகத் திரும்புமா, உன்னோடு சேர்ந்து அதையும் கொடுத்துவிட்டோமா என்பது நாளைக்குத் தெரிந்துவிடும். எனக்குக் கை கால் ஓடவில்லை கண்ணு. வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டாமா? அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ குறுக்கே பேசாதே.

அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் மூன்று பேர் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, ஒருத்தி கேட்க இரண்டு பேர் பதில் சொல்லிப் பாடுவதை நீ திருப்பதியில் காலேஜ் படிக்கும்போது ஃபோனில் பார்த்தாய். என் கடைக்கு ஓடிவந்து காட்டினாய். அந்தப் பாஷை எனக்குப் புரியாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. முன்னால் நிற்கிற பெண்ணுக்கு ஏதோ ஒரு பெரிய குறை, பின்னால் நிற்கிற இரண்டு பேரும் "ஆமாண்டி, ஆமாண்டி" என்கிறார்கள். அவ்வளவுதானே?

"அதேதான் மாமா! இதுக்குப் பேரு ஸோல்," என்று குதித்தாய்.

உன் குரலைப் பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடக்கூடச் சேர்க்கவில்லை. ஆம்பளைத் தொண்டை என்றார்கள். அடிவயிற்றிலிருந்து, லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி வரும். அந்தக் குரலுக்கு உலகத்தில் ஒரு இடம் இருக்கிறது என்று அந்த ஃபோனில்தான் நீ முதன்முதலாகப் பார்த்தாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கல்யாணம் நிச்சயமான பெண்களுக்குக்கூட அப்படி ஒரு முகம் வருவதில்லை.

மல்லியை இழுத்துக்கொண்டாய். உன் காலேஜ் சிநேகிதி, சந்திரகிரிப் பெண் ஸ்வப்னாவை இழுத்துக்கொண்டாய். அவளுக்குத் தெலுங்கு, உங்களுக்குத் தமிழ். பாட்டு பாதி அது, பாதி இது. நகரியில் எல்லோரும் பேசுகிற மாதிரியே பாடினீர்கள்.

உங்கள் முதல் பாட்டு பிறந்தது என் சவுண்டு சர்வீஸ் கடையில். இதை நான் எங்கேயும் மார்தட்டிச் சொல்வேன். மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நீ கடைக்குள்ளே மைக்கில் "கேக்குதா?" என்றாய். மல்லி தெருக்கோடியில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து "கேக்குது!" என்று கத்தினாள். நீ மறுபடியும், கொஞ்சம் இழுத்து, "கேக்குதா?" என்றாய். அவளும் இழுத்தாள். மூன்றாவது தடவை அது பாட்டாகிவிட்டது. எதிர்க்கடைக்காரர் தராசை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் ஸ்வப்னா தெலுங்கில் "வினபடுதோந்தா, வினபடுதோந்தி" சேர்த்தாள். அந்தப் பாட்டைக் கேட்டு எதிர்க்கடைக்காரருக்கு இருந்த மூட்டுவலியே போய்விட்டது. பாதியாக்கினால், ஒரு காலில் போய்விட்டது.

பிறகு பேனர். அதை நான்தான் அடித்தேன். உங்கள் குழுவுக்குப் பெயர் வேண்டும் என்று புத்தூர் ஃப்ளெக்ஸ் கடையில் போய் நின்றேன். ஸோல் என்றால் என்ன என்று உனக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "ஆத்மா மாமா" என்றாய். ஃப்ளெக்ஸ்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்மான்னு மொட்டையா கீதே, இன்னும் ஒரு வார்த்தை போட எடம் கீது" என்றார். எடத்தை வீணாக்குகிற ஆளா நான்? சாந்தி என்று சேர்க்கச் சொன்னேன். தமிழிலும் தெலுங்கிலும், மூன்று பெண்கள் படத்தோடு, சுற்றிலும் பூ வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, "ஆத்ம சாந்தி கேர்ள்ஸ்". கீழே என் நம்பர். சித்தூர் ரோட்டில் கட்டினேன்.

நீ பார்த்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாய்.

"மாமா, இன்னா மாமா இது? எங்க மூணு பேரையும் சாவடிச்சிட்டியே!"

மல்லி சொன்னாள்: "இன்னா தப்பு? பொறந்த தேதி, செத்த தேதி மட்டும் போடாம வுட்டுட்டாரு."

கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் ஃபோன் வந்தது. எடுத்தவன் நான்.

"அன்னா, ஆத்ம சாந்தி வாள்ளேனா?" என்று ஒருவர் கேட்டார். ஆத்ம சாந்திக்காரர்கள்தானே என்று. ஆமாம் என்றேன். அவருடைய அப்பாவுக்குப் பெத்த கர்மாவாம், வந்து பாட வேண்டுமாம். நாம் காரியம் என்கிறோமே, அதற்குத் தெலுங்கில் பெத்த கர்மா. பந்தல் போட்டு, படம் வைத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிற நாள். வழக்கமாகப் பஜனைக் குழு வந்து ஆர்மோனியத்தோடு உட்காரும். அவர்கள் என் பேனரைப் பார்த்துவிட்டு, இது புதுசாக வந்த பெண்கள் பஜனை என்று நினைத்துவிட்டார்கள்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஸ்வப்னா அழுதாள். மல்லி என் வண்டிச் சாவியைத் தூக்கிக் கிணற்றில் போடுவேன் என்றாள். நீ மட்டும் சொன்னாய்: "போலாம். கல்யாணத்துல எவன் பாட்டு கேக்கறான்? துன்றதுலயே இருப்பான். சாவு வூட்லதான் மனுசன் காது தொறந்து கீது."

அந்த முதல் பந்தல் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நம் நகரித் தறியில் நெய்த கருநீலப் புடவை மூன்று பேருக்கும். தலையில் கனகாம்பரம். இரண்டு எட்டு இடப்பக்கம், ஒரு எட்டு வலப்பக்கம், திரும்பக் கூடாது, சாவு வீடு என்று நீயே நடனத்தைச் சுருக்கினாய். பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏமி ஈ கூத்து?" என்று சத்தம் போட்டார். இது என்ன கூத்து என்று. நீ மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், அந்தப் படத்தைப் பார்த்து, "கேக்குதா?" என்று இழுத்தாய். பின்னாலிருந்து இரண்டு பேரும் "கேக்குது" என்றார்கள். சத்தம் போட்ட பெரியவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். செத்தவர் அவருக்குத் தம்பியாம்.

அதற்குப் பிறகு நமக்கு ஓய்வே இல்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, காளஹஸ்தி, குப்பம் வரைக்கும் போனோம். கன்னடக்காரர்களும் அழுதார்கள். "உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே எங்கள் ஊரில் ஒருவர் செத்தார்" என்று குப்பத்தில் ஒரு பிரசிடெண்ட் என் கையைப் பிடித்துச் சொன்னார். நீ இதை நம்பவில்லை. போகட்டும், செத்தது உண்மை.

பாடகியின் வாழ்க்கை என்றால் விளக்கும் பூங்கொத்தும் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். உன் வாழ்க்கை என் டாடா ஏஸ் வண்டியின் பின்பக்கம். ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, வெந்நீர் பாட்டிலைப் புடவை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு, உதடு காயாமல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போவாய். ஐஸ் தொட மாட்டாய். மாம்பழக் காலத்திலும் புளிப்பு தொட மாட்டாய். மல்லி உன் கண்முன்னாலேயே மாங்காய்க்கு மிளகாய்த்தூள் போட்டுத் துன்னுவாள். "பின்பாட்டுக்காரிக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லக்கா, அதான் இந்த வேலையில லாபம்" என்பாள். அந்த வண்டியில் நீங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்புக்குப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். "எங்கே போறீங்க?" "சாவுக்கு சார்." அவர் முகம் போன போக்கு!

பந்தலுக்குள் போனால் நீ வேறு ஆள். செத்தவர் பெயரைக் கேட்பாய், என்ன தொழில் என்று கேட்பாய், வீட்டில் யார் அதிகம் அழவில்லை என்று கேட்பாய். அழாத அந்த ஆளைப் பார்த்துத்தான் பாடுவாய். நீ கேட்டால் அவர்கள் இரண்டு பேரும் பதில் சொல்லியே ஆக வேண்டும். வேண்டுமென்றே அடி மாற்றி, இடம் மாற்றிக் கேட்பாய். எப்படிக் கேட்டாலும் மல்லி விடமாட்டாள். ஒருநாள் வாயில் பணியாரத்தோடு பதில் சொன்னாள். "தூக்கத்துல கூப்ட்டாலும் என் தங்கச்சி பதில் சொல்லுவா" என்று என்னிடம் பெருமையடித்தாய். பெருமையடிப்பதில் நீ என் ரத்தம்தான்.

பிறகு அந்தக் காய்ச்சல். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. டெங்கு என்றார்கள். திருப்பதிக்குக் கொண்டுபோனோம். டாக்டர்கள் பாவம், ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். எதைச் சொன்னாலும் பத்து மடங்காகச் சொல்கிற இந்த மாமாவுக்கு, அந்த வராந்தாவில் டாக்டர் சொன்னதை உன் அம்மாவிடம் உள்ளபடி சொல்லக்கூட வாய் வரவில்லை. "நல்லாயிடும்னு சொல்றாங்க" என்றேன். அவள் நம்பினாள். இத்தனை வருஷத்தில் என் பேச்சை அவள் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

உன் காரியத்துக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள். பாதியாக்கு. இன்னும் பாதியாக்கு. எப்படிப் பாதியாக்கினாலும் பந்தல் கொள்ளவில்லை, தெருவில் நின்றார்கள். யார் யார் வீட்டில் நீ பாடினாயோ அவர்களெல்லாம் வந்திருந்தார்கள். புத்தூர் ஃப்ளெக்ஸ்காரர் கேட்காமலேயே உன் படத்தைப் பெரிதாக அடித்து எடுத்துவந்தார். அந்தப் பூவும் விளக்கும் அவர் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. மற்ற இரண்டு பேரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். வெட்டிய இடத்தில் மல்லியின் விரல் மட்டும் உன் தோள்மேல் மிச்சம் இருந்தது.

மைக்செட்டை நான்தான் கட்டினேன். என் கடைக்காரப் பையன்கள் வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கட்டி முடித்தபோதுதான் தெரிந்தது, அதில் பாட யாருமில்லை. வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். சத்தியவேட்டுக்கார அம்மா ஒருத்தி என்னிடம் வந்து காதோடு கேட்டாள்: "எங்க வூட்டு ஆளுக்கெல்லாம் அப்டி பாடுச்சே அந்தப் பொண்ணு. அதுக்கு யாரும் பாடலயா?"

ஸ்வப்னா மல்லியின் கையைப் பிடித்து இழுத்தாள். மல்லி வரவில்லை. ஸ்வப்னா தனியாக மைக் முன்னால் நின்று, இரண்டு வரி பாடி, பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். நான் போய் மைக்கை அணைத்தேன். அதைவிடக் கேவலமான ஒரு சத்தம் என் தொழிலில் நான் கேட்டதில்லை கண்ணு, மைக் அணைகிற அந்த "டொக்".

அன்றிலிருந்து மல்லி வாயைத் திறக்கவில்லை. வேண்டும் வேண்டாம் என்பதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவதான் போய்ட்டா. சின்னவ கல்லாட்டம் குந்திக்கினு கீறாடா. நீதான் ஊரு ஒலகமெல்லாம் தெரிஞ்சவனாச்சே, எதுனா பண்ணு முனுசாமி!"

பண்ணாமலா இருப்பேன்? காளஹஸ்திக்குக் கூட்டிப் போனேன், ராகு கேது பூஜை செய்தேன். பூசாரி என்னைப் பார்த்ததும் தனி வழியில் விட்டார். இல்லை, வரிசையில்தான் நின்றோம், வெயிலில்தான் நின்றோம். தொண்டை டாக்டரிடம் காட்டினேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். கிளி ஜோசியம் பார்த்தேன். கிளி எடுத்த சீட்டில் வெளிநாட்டுப் பயணம் என்று வந்தது. கிளி ஜோசியக்காரனும் அவள் பேசுவாளா என்று பார்த்தான். அவள் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். உன் இடத்துக்கு இல்லை, யாரும் வர முடியாது, சும்மா ஒரு துணைக்கு. தேன் மாதிரிக் குரல். கடையில் நிறுத்தி, "கேக்குதா" பாடச் சொன்னேன். அழகாகத்தான் கேட்டாள். ஸ்வப்னா பதில் பாடினாள். மல்லி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். குப்பத்துப் பெண் மறுபடியும் கேட்டாள். மல்லி கடையை விட்டே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். ரயில்வே கேட் பக்கத்தில் பிடித்தேன். "இன்னாதான்டி ஒனக்கு? திட்டவாவது வாயத் தொறயேன்" என்று கெஞ்சினேன். ரோட்டில் எல்லோரும் பார்த்தார்கள், எனக்கு வெட்கமில்லை. அவள் ஃபோனை எடுத்து அதில் தட்டிக் காட்டினாள். பேசக்கூட இல்லை பார், தட்டிக் காட்டினாள். "வேற ஒருத்தி கூப்ட்டு நான் பதில் சொன்னா அக்கா செத்துட்டான்னு அர்த்தம்."

திரும்பிக் கடைக்கு வந்தேன். குப்பத்துப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அதட்டவில்லை, கெஞ்சவில்லை. அவளும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கண் உள்ளே போய்விட்டது. ஜெயந்தி, நான் பயந்தது போல யாரும் பயந்திருக்க மாட்டார்கள். இதில் பாதியாக்க ஒன்றுமில்லை.

போன வாரம் சந்திரகிரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்வப்னா வீட்டுத் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர், சீனய்யா என்று பெயர், திடீரென்று போய்விட்டார். பெத்த கர்மாவுக்கு ஸ்வப்னா தனியாகவாவது பாடுகிறேன் என்றாள், தெருக்காரர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. மல்லியை வீட்டில் தனியாக விட உன் அம்மாவுக்குப் பயம். அதனால் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பந்தல் ஓரமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். உன் பழைய இடம்.

ஸ்வப்னா ஏதோ இரண்டு பாட்டுப் பாடினாள். ஆட்கள் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு இடைவெளி. ஸ்வப்னா தண்ணீர் குடிக்க நகர்ந்தாள். அந்தச் சீனய்யாவின் பெண்டாட்டி அதுவரை தலைவிரித்து உட்கார்ந்திருந்தவள், எழுந்து படத்தின் முன்னால் போனாள். நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.

"ஓ சீனய்யா... எக்கடிக்கி போயாவய்யா..."

எங்கே போனாயய்யா என்று. இழுத்து, கடைசியில் கேள்வியாக மேலே தூக்கி விட்டாள். அப்படித் தூக்கிவிட்டு மூச்சுக்காக நிறுத்தினாள்.

அந்த நிறுத்தலில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல். மைக் இல்லாமல். "வினபடுதோந்தி..."

கேட்கிறது என்று. மல்லி.

பந்தலே அசையவில்லை. அந்த அம்மா படத்தைப் பார்த்தாள். படம் பேசியது என்றே நினைத்துவிட்டாள் போல. மறுபடியும் கூப்பிட்டாள், இன்னும் மேலே தூக்கி. மல்லி அதே சுருதியைப் பிடித்து மறுபடியும் சொன்னாள். அந்த அம்மா கூப்பிடக் கூப்பிட மல்லி விடவே இல்லை. ஸ்வப்னா கையிலிருந்த தண்ணீர் டம்ளரோடு வந்து மல்லி பக்கத்தில் நின்று சேர்ந்துகொண்டாள். அந்த அம்மா தன் கஷ்டமெல்லாம் சொன்னாள். ஆட்டோவுக்கு யார் என்றாள். பிள்ளைகளுக்கு யார் என்றாள். ஒவ்வொன்றுக்கும் இவர்கள் இரண்டு பேரும், கேட்கிறது, கேட்கிறது. கடைசியில் அந்த அம்மா வந்து மல்லியின் முகவாயைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஆம்ப்ளிஃபயர் பின்னால் குனிந்து ஒயர் பார்க்கிற மாதிரி இருந்தேன். அழவில்லை. எக்கச்சக்கமாக ஒயர் இருந்தது.

திரும்பும்போது வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் மூச்சுக்கூட விடாமல் ஓட்டினேன். வடமாலப்பேட்டை தாண்டி, தானாகவே பேசினாள். குரல் உடைந்து, ரேடியோ ஸ்டேஷன் கிடைக்காத மாதிரி வந்தது.

"அந்தம்மா கூப்ட்டுக்கினே கீறாங்க மாமா. யாருமே பதில் சொல்லல. எப்டி கம்முனு குந்தறது?"

"அதானே" என்றேன்.

"அக்காவ நான் கூப்புடணும்னு தோணுது."

"கூப்புடு."

"பின்னாடி ஆள் வேணும். ஸ்வப்னா ஒருத்தி பத்தாது. ரெண்டு பேர் இருந்தாத்தான் தைரியமா கேக்க முடியும்."

"குப்பத்துப் பொண்ண..."

"வாணாம். அவளுக்கு அக்காவத் தெரியாது. நீ பாடு."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. "அடியே, இது கேர்ள்ஸ் குரூப்புடி. எனக்கு அம்பது வயசு, மீசை கீது."

"மீசைய எடுத்துடு."

"என் குரலு..."

"நீதானே சின்ன வயசுல சித்தூர் ஜில்லாவையே பாடி அழவெச்சேன்னு சொல்லிக்கினு திரியறே? இப்ப அழவெய்யி." கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா ஒண்ணு மாமா. சொந்தமா ஒண்ணும் சேக்காதே. நான் கூப்ட்டா மட்டும் வாயத் தொற. நான் நிறுத்தினா நிறுத்திடணும்."

அன்று வீட்டுக்கு வந்து அவள் சோறு துன்னாள். உன் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவள் எழுந்த பிறகும் நின்றாள். நான் வாயைத் திறந்தால், எதுவும் சொல்லாதே, கண் வைத்துவிடுவாய் என்று என்னை விரட்டினாள்.

நாளைக் காலை புத்தூரில் ஒரு காரியம். ஒத்துக்கொண்டாயிற்று. மல்லி முன்னால் நிற்கிறாள், ஸ்வப்னாவும் நானும் பின்னால். மீசையை எடுக்கவில்லை, அது மட்டும் பேசி ஜெயித்தேன். கருநீலப் புடவையின் அதே துணியில் எனக்குச் சட்டை தைத்தாயிற்று, ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும், அதிலா பயம்? எனக்குச் சுருதி வரவில்லை ஜெயந்தி. இந்த ஒரு வாரமாக வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவில், குளியலறையில், எங்கெல்லாமோ பாடிப் பார்க்கிறேன். ஸ்வப்னா சொல்லிக் கொடுக்கிறாள், தலையிலடித்துக்கொள்கிறாள். என் வாழ்நாளில் நான் பாடினதே இல்லை என்று உனக்காவது தெரியுமா? ஊரெல்லாம் சொன்னது எல்லாம் வாய்ப்பேச்சு. பாதியாக்கினால் மிச்சம் பூஜ்யம்.

நாளைக்கு, அங்கே யார் படம் இருந்தாலும், அவள் முதன்முதலாக உன்னைத்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுப் பின்னால் காதை வைத்துக் காத்திருப்பாள். அந்த நேரத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டால்? அபஸ்வரமாக வந்து, பந்தலில் ஒருவன் சிரித்துவிட்டால்? மறுபடியும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால், அப்புறம் அவளை எதைக் கொண்டு திருப்புவேன்? உனக்குத் தெரிந்த ஏதாவது தந்திரம் இருந்தால் இந்த மாமன் காதில் போடக்கூடாதா? எப்படி நீ அந்தக் கூட்டத்தின் முன்னால் பயமில்லாமல் நின்றாய்? பயம் இருந்ததா? இருந்து, எங்களிடம் சொல்லவில்லையா?

உன்னால் முடியாது என்பதும் தெரிகிறது. முடிந்தால் இத்தனை நாளில் வந்திருக்க மாட்டாயா?

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நான் அவள் பின்னால் நிற்பேன். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், அவள் கேட்கிற ஒரு கேள்வியும் பதில் இல்லாமல் கீழே விழ விடமாட்டேன். சொந்தமாக ஒரு எழுத்துகூடச் சேர்க்க மாட்டேன். கை தட்டினாலும் முன்னால் வந்து நிற்க மாட்டேன். அவள் எங்கே நிறுத்துகிறாளோ, அங்கே நானும் நிறுத்திவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னை மடியில் வைத்துக் காது குத்தவைத்த தாய்மாமன்,
இனிமேல் உன் தங்கச்சிக்குப் பின்பாட்டு,
முனுசாமி